காத்திருப்பின் பங்கீடும் நீதியும்

போக்குவரத்து சிக்னலில் பச்சை விளக்கு எத்தனை வினாடி எரிய வேண்டும் என்ற கணக்கு, பிரிட்டனின் சாலை ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த எஃப். வி. வெப்ஸ்டர் 1958-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் தெளிவான சூத்திர வடிவம் பெற்றது. அந்நாட்டின் முதல் விரைவுச்சாலைப் பகுதியான பிரெஸ்டன் புறவழிச்சாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். விரைந்து வரும் வண்டிகளை ஊர்த்தெருவுக்குள் இறக்கிவிடும் சிக்கலும், அதைத் தீர்க்கப் பின்னாளில் கையாளப்பட்ட கணிதமும் இவ்வாறு ஏறத்தாழ ஒருங்கே தோன்றின. பொறியாளர் இதை நேரச் சிக்கனம் பற்றிய வினாவாகவே காண்கிறார். ஆனால் ஒருவருடைய காலத்தை எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்கும் உரிமை எதிலிருந்து பிறக்கிறது என்னும் அறவியல் வினா அதற்குள் அடங்கியிருக்கிறது.

எல்லாத் திசைகளுக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிய ஆகும் காலம் ‘சுற்று நேரம்’ எனப்படும். சந்திப்பில் நிற்கும் அனைத்து வண்டிகளின் தாமதத்தையும் கூட்டி, அத்தொகை மிகக் குறையும் சுற்று நேரத்தை வெப்ஸ்டரின் சூத்திரம் தருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வரும் வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலை அதிகபட்சமாக விடக்கூடிய எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் விகிதங்களின் கூட்டுத்தொகை 0.8 எனவும், விளக்கு மாறுகையில் வீணாகும் நேரம் 10 வினாடி எனவும் கொண்டால், சுற்று நேரம் 100 வினாடி ஆகிறது, அக்கூட்டுத்தொகை 0.9 ஆக உயர்ந்தால் அது 200 வினாடியாக இரட்டிக்கிறது. மாலை நேரத்தில், விரைவுச்சாலையிலிருந்து ஊருக்குள் வரும் இறங்குசாலையில் கூட்டம் சற்றே பெருகினாலும், 0.05 அளவே பங்குள்ள பக்கத் தெருவுக்கு ஏறத்தாழ 11 வினாடி பச்சையும் மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட சிவப்பும் வாய்க்கும். நடைமுறையில் சுற்று நேரத்துக்கு உச்சவரம்பு வைக்கப்படுவது உண்மையே. எனினும் அவ்வரம்பு சூத்திரத்திலிருந்து பிறந்ததன்று, வெளியிலிருந்து அதன்மேல் வைக்கப்பட்டது. மேலும், இக்கணக்கு மனிதரை எண்ணுவதில்லை; சாலையில் பிடிக்கும் இடத்தைக் கொண்டு ஒரு பேருந்தை இரண்டே கால் காராகவும் ஒரு மிதிவண்டியைக் காரில் ஐந்தில் ஒரு பங்காகவும் எண்ணுகிறது. நடந்து செல்பவருக்கு அதில் இடமே இல்லை.

மொத்த நன்மையைப் பெருக்குவதே அறம் என்னும் பயன்வாதத்தை ஜெரமி பெந்தாம் வகுத்தார். இச்சூத்திரம் அதன் நேர்வாரிசு. முந்நூறு ஓட்டுநர்களுக்குத் தலா 2 வினாடி மிச்சமானால் 600 வினாடி கிடைக்கிறது; அதற்காகத் தெருவைக் கடக்க நிற்கும் மூவர் தலா 90 வினாடி கூடுதலாகக் காத்திருந்தால் இழப்பு 270 வினாடி; ஆகவே மாற்றம் நல்லது என்று கணக்கு முடிகிறது. ஆனால் அந்த 600 வினாடியை வாழ்ந்து பார்க்கும் மனிதர் எவரும் இல்லை. பயன்வாதம் மனிதரைத் தனித்தனி ஆட்களாகக் கருதத் தவறுகிறது என்று ஜான் ரால்ஸ் 1971-இல் எழுப்பிய மறுப்பும், பலருடைய துன்பங்கள் ஒரே துன்பமாகக் கூடுவதில்லை என்று ஜான் டாரெக் 1977-இல் வாதிட்டதும் இவ்விடத்தில் முழு வலுவுடன் பொருந்துகின்றன. இன்று காத்திருப்பவரே நாளை ஓட்டுநராகிப் பயனடைவார், ஆதலால் காலப்போக்கில் எல்லாம் சமனாகும் என்ற விடை, முறை மாறி வருபவர்களுக்கே பொருந்தும். இறங்குசாலை முனையில் குடியிருந்து, கார் இல்லாமல், நாள்தோறும் அதே தெருவைக் கடக்கும் முதியவருக்கு அந்த முறை ஒருபோதும் வருவதில்லை.

ஆயினும் இறங்குசாலைக்கு முன்னுரிமை தரும் வழக்கத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. அங்கே வரிசையின் வால் நீண்டு விரைவுச்சாலையையே எட்டும்போது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளை எதிர்பாராமல் சந்திக்கின்றன. அப்போது எழுவது நேரத்துக்கான கோரிக்கையன்று, உயிருக்கான கோரிக்கை. அதனால்தான் பல இடங்களில் இறங்குசாலையின் மேற்பகுதியில் ஓர் உணரி பதிக்கப்பட்டு, அதன்மேல் வண்டிகள் நின்றுவிட்டால் வழக்கமான சுற்றை முறித்து அத்திசைக்குப் பச்சை தரப்படுகிறது. இந்த ஏற்பாடு அறவியல் நோக்கில் சூத்திரத்தைவிட நுட்பமானது. எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாமல், ஆபத்தில் இருப்பவரின் தனிப்பட்ட நியாயத்தை வைத்தே அது முடிவு செய்கிறது. ஆனால் வால் பின்வாங்கி உணரி விடுபட்ட கணத்தில் அந்த நியாயமும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் பச்சையை நீட்டுவது ஆபத்தின் பெயரால் எண்ணிக்கைக்குச் சலுகை அளிப்பதாகும்.

கூட்டல் கழித்தலுக்கு உட்படாத உரிமை ஒன்றைப் பொறியியல் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது: எடுத்துக்காட்டாக, வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கொண்டால், 12 மீட்டர் சாலையைக் கடக்க 10 வினாடிக்குக் குறையாமல் தரப்படுகிறது. காரில் இருப்பவர் எத்தனை பேரானாலும் அந்தப் பத்து வினாடியில் கை வைக்கப்படுவதில்லை. கடக்கும் நேரத்துக்கு இப்படியொரு கீழ்வரம்பு இருக்குமானால், கடப்பதற்காக நிற்கும் நேரத்துக்கு மேல்வரம்பு இருப்பதும் அதே நியாயத்தால் வேண்டப்படுவதே. அவ்வரம்பு முதலில் வகுக்கப்பட்டு, எஞ்சிய வினாடிகளில் மட்டுமே வெப்ஸ்டரின் கணக்கு தன் வேலையைச் செய்ய வேண்டும்.