கொடுக்கக் கொடுக்க வளரும் விசுவாசம்

"எனது விசுவாசமே தளம்புகிறது, நான் எப்படிப் பிறருக்கு நற்செய்தி சொல்வது?" என்று கேட்போர் நம்மிடையே பலர். தாழ்மையான கேள்விதான். ஆனால் சரியானதா?

நமது மண்ணின் வரலாற்றைப் பார்ப்போம். 1658ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவின்றி, பூசையின்றி, நம் முன்னோர் செபத்தாலேயே விசுவாசத்தைக் காத்தனர். 1687ல் கோவாவிலிருந்து புனித யோசேவாஸ் அடிகள் ஏழையின் கோலத்தில், நோயுற்ற உடலோடு வந்தார். கழுத்திற் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுக் கத்தோலிக்கரைக் கண்டறிந்தார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தனர்.

இங்கே கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்? அடிகள் திருவருட்சாதனங்களை வழங்கினார். ஆயரும் குருவுமின்றி நிலைத்து நின்ற அம்மக்களைக் கண்டு அவரது உள்ளமும் உரம் பெற்றிராதா? பின்னர் 1697ல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, கைவிடப்பட்டோரைச் சமய பேதமின்றித் தம் கையாற் பராமரித்தார். அப்பணிக்கு வேண்டிய பலத்தைச் செபத்திற் பெற்றார். செபமற்ற பணி விரைவில் களைத்துவிடும். பணியற்ற செபம் தன்னலமாய்ச் சுருங்கிவிடும்.

இறைக்கிற கிணறே ஊறும் என்பதை நமது தோட்டக்காரர் அறிவர். கிணறு நிரம்பட்டும், பின்னர் இறைப்போம் என்று அவர்கள் காத்திருப்பதில்லை.

அன்பான பெற்றோரே, பிள்ளைக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க அமருங்கள். துயருற்ற அயலவர் வீட்டுக்குச் செல்லுங்கள். பிள்ளையின் கேள்விக்கு விடை தேடும்போதே உங்கள் ஐயமும் தெளியத் தொடங்கும். தளம்பும் விசுவாசத்தையும் ஆண்டவர் பயன்படுத்துவார். பூட்டி வைத்ததை அவர் எவ்வாறு பெருக்குவார்?