கொன்றவனின் வெறுப்பா, இறந்தவரின் அன்பா?

1982 அக்டோபர் 10 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவி மாக்சிமிலியன் கோல்பேக்குப் புனிதர் பட்டம் வழங்கினார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். அதோடு நிற்காமல், அவரை மறைசாட்சி என்றும் அறிவித்தார். 1971-இல் அருளாளர் பட்டம் தந்தபோது கோல்பேக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்கவில்லை. விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டவரே மறைசாட்சி என்பது திருச்சபை மரபு. கோல்பேயைக் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லையே!

நடந்தது இதுதான். 1941 ஜூலை இறுதியில் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து கைதி ஒருவர் காணாமல்போனார். அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினிபோட்டுக் கொல்லப் பொறுக்கி எடுத்தான் அதிகாரி கார்ல் ஃப்ரிட்ஷ். அவர்களில் ஒருவரான ஃபிரான்சிஷெக் கயோவ்னிச்செக், மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அப்போது 16670 என்ற எண் கொண்ட கைதியான கோல்பே வரிசையைவிட்டு முன்னே வந்தார். தான் ஒரு குரு என்று சொல்லி, கயோவ்னிச்செக்குக்குப் பதிலாகத் தன்னைச் சாகவிடும்படி கேட்டார். ஃப்ரிட்ஷ் சம்மதித்தான்.

பட்டினி அறையில் கோல்பே மற்றவர்களோடு சேர்ந்து ஜெபித்தார், பாடினார். இரண்டு வாரம் கடந்தும் உயிரோடிருந்த அவரை ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள்.

அவர் வாழ்வில் நிழலும் உண்டு. அவர் நியெபொகலானூவில் நிறுவிய துறவுமடத்தின் இதழ்களில் யூதர்களுக்கு எதிரான எழுத்துகள் வெளிவந்தன. போர் மூண்டபின் அதே மடம் யூதர் உள்ளிட்ட அகதிகளுக்கு அடைக்கலம் தந்தது. இரண்டையும் மறைக்காமல் பார்க்க வேண்டும்.

மனிதனை எண்ணாக்கிய நாசி அமைப்பின் வெறுப்பே விசுவாசத்துக்கு எதிரானதுதான் என்பது மறைசாட்சி நிலையை ஆதரித்தவர்களின் வாதம். அது வலுவான வாதமே. ஆனாலும் இந்த வாழ்வின் பெருமையைக் கொலைகாரனின் மனத்தில் தேடுவது போதாது. ஃப்ரிட்ஷ் என்ன நினைத்திருந்தாலும் கோல்பேயின் தேர்வு குறைந்துவிடாது. அந்தத் தேர்வால் பிழைத்த கயோவ்னிச்செக் 1982-இல் சதுக்கத்தில் இருந்தார். 1995-இல் தமது 93-ஆம் வயதில் இறக்கும்வரை கோல்பேயின் கதையைப் பல நாடுகளில் சொல்லிவந்தார்.

2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், பிறருக்காக மனமுவந்து உயிரைக் கையளித்தவர்களுக்கெனப் புனிதர் நிலைக்குத் தனி வழியொன்றை வகுத்தார். அங்கே கொலைகாரன் என்ற ஆளே தேவையில்லை. தொற்றுநோயாளிகளைப் பராமரித்து அதே நோயால் இறக்கும் செவிலியரையும் அந்த வழியில் பரிசீலிக்க இயலும்.