விருந்தும் வாடகையும்

பணம் கொடுத்துத் தங்குகிறவன் விருந்தாளியா? சில ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்பெயின் தேசத்தில் ஓர் இரவு தங்கியபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விட்டபாடில்லை.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா என்ற மழைப் பிரதேசத்தில், சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா என்றொரு பழைய நகரம் இருக்கிறது. இயேசுநாதரின் சீடரான யாக்கோபு அங்கே அடக்கமாகியிருக்கிறார் என்பது நம்பிக்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவரைத் தேடி ஜனங்கள் கால்நடையாக வருகிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்து வந்தால்தான் யாத்திரைச் சான்று கிடைக்கும். முதுகில் மூட்டை, கையில் கோல், மூட்டையில் கட்டிய ஒரு கடற்சிப்பி. அதுதான் யாத்திரிகனின் அடையாளம்.

நான் அப்படிப் போகவில்லை. ரயிலில் போய், வாடகைக் காரில் இறங்கினேன். என் மனைவியும் உடன் வந்திருந்தாள்.

பெரிய கோயிலுக்கு எதிரே கருங்கல் பாவிய சதுக்கம். அதன் ஒரு பக்கம் முழுவதும் நீண்டு நிற்கிறது நாங்கள் தங்கிய ஹோட்டல். ஹோட்டல் என்று இப்போது சொல்கிறோம். 1486ஆம் ஆண்டு பெர்தினாந்து அரசனும் இசபெல்லா அரசியும் இந்த ஊருக்கு யாத்திரை வந்தார்கள். களைத்தும் நோயுற்றும் வருகிற ஏழை யாத்திரிகர்களுக்குத் தக்க இடமில்லை என்று கண்டு, 1499இல் ஒரு மருத்துவமனை கட்ட ஆணையிட்டார்கள். என்ரிக்கே எகாஸ் என்ற சிற்பி கட்டினார். நடுவே ஒரு தேவாலயம். சுற்றிலும் நான்கு முற்றங்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று அவற்றுக்குப் பெயர். நூற்றாண்டுக் கணக்கில் ஏழைகள் அங்கே படுத்தார்கள், பிழைத்தார்கள், இறந்தார்கள். 1954ஆம் ஆண்டு அது உயர்தர ஹோட்டலாயிற்று. பழைய கோட்டைகளையும் மடங்களையும் விடுதிகளாக்கி நடத்தும் ஸ்பானிய அரசின் ஸ்தாபனமே அதையும் நடத்தி வருகிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சிப்பந்தி ஓடி வந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டான். வாயிலுக்குப் பத்தடி தள்ளி, சுவரோரமாக ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தாள். அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கொப்புளம் வெடித்த பாதத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மூட்டையில் சிப்பி தொங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போனேன்.

அறை மிக நன்றாக இருந்தது. திரைச்சீலை கட்டிய கட்டில், மரவேலைப்பாடு, முற்றத்தில் நீர்விழும் ஓசை. ஜன்னல் பக்கம் நின்ற என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்திருக்கலாமே.”

“நம்ம இடமா இது? ஹோட்டல்காரன் என்ன சொல்வானோ!” என்றேன்.

“நம்ம வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்திருந்தா கூப்பிட்டிருப்பீங்க, இல்லையா?”

நான் பதில் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்த இடம் காலியாக இருந்தது. கருங்கல்லில் அவள் உட்கார்ந்த இடம் மட்டும் நனையாமல் இருந்தது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நனைந்துவிட்டது.

அன்றிரவு படுத்தபோது முதலில் நான் கோபித்துக்கொண்டது ஹோட்டலை. ஏழைக்கென்று கட்டியதைப் பணக்காரனுக்கு வாடகைக்கு விடுவது தர்மமா? கோபம் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் நிலைக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுக் கல்லுக்குள் இன்றைய வைத்தியம் நடத்த முடியாது. யாத்திரிகர்களுக்குக் குறைந்த செலவில் தங்க வழியெங்கும் விடுதிகள் வந்துவிட்டன. வாடகை வராவிட்டால் அந்தக் கூரையைக் காப்பதும் கடினம். இன்னும் ஒன்று: ஹோட்டலான பிறகும், யாத்திரை முடித்து வருகிறவர்களில் தினமும் முதல் பத்துப் பேருக்கு இலவசமாக உணவளிக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்து வந்தது. பெரிய விருந்து மண்டபத்தில் அல்ல, உட்புறத்தில் ஒரு சிறிய அறையில். இதைக் கேட்டு, கண்துடைப்பு என்று சிரிக்கலாம். நான் சிரிக்கத் தகுதியில்லாதவன். பத்துப் பேர் என்பது அற்பமான கணக்குதான். என் கணக்கில் ஒருவர்கூட இல்லையே!

ஹோட்டல், ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல் மூன்றும் ஒரே லத்தீன் மூலத்திலிருந்து பிறந்த சொற்கள். அந்த மூலச் சொல்லுக்கு விருந்தினன் என்றும் பொருள், விருந்தளிப்பவன் என்றும் பொருள். இருவரும் ஒருவரேதான், இன்று இவன், நாளை அவன் என்று அந்தக் காலத்து மக்கள் எண்ணியிருக்க வேண்டும்.

நம் சொல்லுக்கு என்ன நேர்ந்தது? விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. வாசலுக்குப் புதிதாக வந்து நிற்கும் மனிதன். உறவினரை அதில் சேர்ப்பதில்லை. வள்ளுவர்கூடச் சுற்றத்தையும் விருந்தையும் தனித்தனியாகவே எண்ணுகிறார். இன்று விருந்து என்றால் வடையும் பாயசமும். மனிதன் போய்விட்டான், இலையில் பரிமாறியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஸ்பெயின்காரன் கட்டடத்தை மாற்றினான் என்று குறை சொன்ன நான், சொல்லையே மாற்றிவிட்டவர்களின் வாரிசு.

பணம் கொடுத்தவுடன் என்ன ஆகிவிடுகிறது தெரியுமா? நான் யாருக்கும் கடன்பட்டவனில்லை என்ற நிம்மதி வருகிறது. இனாமாக ஓரிடத்தில் சோறு உண்டவன், அடுத்தவனுக்கும் ஒரு பிடி போட வேண்டும் என்று நினைப்பான். கட்டணம் செலுத்தியவனுக்கு அந்த உறுத்தல் இல்லை. ரசீது வாங்கியதோடு கணக்குத் தீர்ந்தது. பெற்றுக்கொள்வது மட்டுமே என் உரிமை என்று நினைத்துவிட்டேன். கொடுக்கும் உரிமையை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நானாகத்தான் அதை வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

காலையில் கணக்குத் தீர்க்கும்போது, “வெளியிலிருந்து ஒருவரைக் காப்பி சாப்பிட அழைத்து வந்தால் ஆட்சேபம் உண்டா?” என்று அங்கிருந்த இளைஞனைக் கேட்டேன். அவன் வியப்போடு என்னைப் பார்த்தான். “ஆட்சேபமா? காப்பிக் கூடம் எல்லாருக்கும் திறந்ததுதானே, ஐயா!” என்றான்.

கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது. சதுக்கத்தைக் கடக்கும்போது, மழையில் நனைந்துகொண்டு வந்த யாத்திரிகர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த மூதாட்டி அவர்களில் இல்லை.