கோடையில் உறங்கும் கனி

ஐயத்திற்கு இடமின்றி விளங்கும் பொருளை ‘உள்ளங்கை நெல்லிக்கனி’ என்பது நம் நாட்டு மரபு. ஆதிசங்கரரின் சீடருள் ஒருவர் ஹஸ்தாமலகர் என்றே பெயர் பெற்றார். சாந்தோக்ய உபநிஷதத்தில் நாரதருக்கு உபதேசிக்கும் ஸனத்குமாரர், மூடிய கையினுள் இரு நெல்லிக்கனிகள் அடங்குவதுபோல் சொல்லும் பெயரும் மனத்தினுள் அடங்குகின்றன என்கிறார். தெளிவுக்கு உவமையான இக்கனி மரத்தில் எவ்வளவு காலம் மறைந்திருக்கிறது என்பதையோ, அதை வளர்ப்பவர்களே அறிவர்.

நெல்லிக்குப் பெயர்பெற்ற உத்தரப்பிரதேசத்துப் பிரதாப்கட் பகுதியில் இல்லறத்தார் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் ஒரு நெல்லி நட்டதாகக் கொள்வோம். விதைக்கன்று காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகலாம் என்பதால் ஒட்டுக்கன்றையே நட்டார். குளிர்காலப் பனி கருக்கிவிடாதபடி இளஞ்செடியை வைக்கோலால் மூடிக் காத்தார். நான்காம் ஆண்டு வசந்தத்தில் சிறுகிளைகள்தோறும் பசுமஞ்சள் நிறப் பூக்கள் நிறைந்தன. பெரும்பாலானவை ஆண்பூக்கள்; உதிர்ந்தன. பின்னர் வெயில்தான். சித்திரை, வைகாசி, அனற்காற்று. நாள்தோறும் அண்ணாந்து பார்க்கிறார். ஒரு பிஞ்சும் தென்படவில்லை. “மலட்டு மரம்! வெட்டிவிட்டு எலுமிச்சை வையுங்கள்” என்கிறார் அண்டை வீட்டுக்காரர். கோடரியும் தீட்டப்படுகிறது.

உண்மையில் அந்த மரம் கருவுற்றே இருக்கிறது. வசந்தத்தில் சூல்கொண்ட நெல்லி, கோடை முழுவதும் வளர்ச்சியின்றி உறங்கும்; கண்ணுக்குப் புலப்படாத அளவில் கிளையோடு ஒட்டியிருக்கும். ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழித்து, மழைக்காலத்தில்தான் பருக்கத் தொடங்கும். வைகாசியில் வெட்டுபவர், காய்களோடு கூடிய மரத்தையே வெட்டுகிறார்.

மந்திர தீட்சை பெற்ற சாதகனுக்கும் தொடக்கத்தில் ஒரு வசந்தம் உண்டு. ஜபம் இனிக்கிறது, தியானத்தில் மனம் எளிதில் ஒன்றுகிறது. பிறகு வறட்சி வருகிறது. ஆண்டுகள் கழிந்தும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. உடனே அவன் மந்திரத்தை மாற்ற எண்ணுகிறான், குருவை மாற்ற எண்ணுகிறான். இறுதியில் ஜபமாலை பெட்டிக்குள் போய்விடுகிறது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனை வாட்டிய அச்சமும் இதுவே: யோகத்தில் முயன்று, வெற்றி காணாதவனின் கதி என்ன? அத்தகைய முயற்சி இம்மையிலும் மறுமையிலும் அழிவதில்லை என்று பகவான் உறுதியளிக்கிறார்.

காய்க்காத மரமெல்லாம் உறங்கும் மரம் என்று வாளாவிருப்பதும் தவறு. நெல்லியில் தன் மகரந்தம் தனக்கே அவ்வளவாகப் பயன்படாது. தனித்து நிற்கும் மரத்தில் காய்ப்பு குறையும். அருகில் வேறு ரகம் ஒன்று வேண்டும்: பனாரசிக்குப் பக்கத்தில் சகையாவோ கிருஷ்ணாவோ. மழைக்காலம் வந்தும் கிளை வெறுமையாக இருந்தால், அந்த மரத்திற்குக் குறைவது ஸத்சங்கமே. தனி அறையில் பல்லாண்டு முயன்றும் சலித்துப்போன சாதகர் இதைச் சிந்திக்கலாம்.

கார்த்திக மாதத்து வளர்பிறை நவமியை வடநாட்டில் அக்ஷய நவமி என்று கொண்டாடுகின்றனர். குடும்பத்தார் நெல்லி மரத்தை வழிபட்டு, அதன் நிழலிலேயே சமைத்து உண்பர். அதற்குள் காய்கள் திரண்டு, கிளைகள் தாழ்ந்திருக்கும். மரம் இல்லாதவர்கள் மரமுள்ள தோட்டங்களைத் தேடிச் செல்வர். வெட்டச் சொன்ன அண்டை வீட்டாருக்கும் அன்று அந்த நிழலில் ஓர் இலை போடப்படும்.