சொல்லை மீறாத குறும்பு

சட்டத்தை மீறுகிறவர் ஒரு வகையினர். சட்டத்தை மீறாமலே தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்பவர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையில் தலைசிறந்தோரைக் காண நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. இரண்டரை வயதுக் குழந்தை உள்ள ஏதேனும் ஒரு வீட்டுக்குச் சென்றால் போதும்.

“தாத்தா உறங்குகிறார், எழுப்பக் கூடாது” என்பது கட்டளை. குழந்தை எழுப்புவதில்லை. கட்டிலருகே சென்று, அவர் காதோடு வாய் வைத்து, “தாத்தா, தூங்குறீங்களா?” என்று கேட்கிறது, அவ்வளவுதான். “வாசற்படியைத் தாண்டாதே” என்றால், படியின்மேல் உட்கார்ந்து இரு கால்களையும் தெருப்பக்கம் நீட்டிக்கொள்கிறது. “ஒரு முறுக்குத்தான்” என்றால், ஆம், ஒன்றுதான்: இந்தக் கைக்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று. நாம் சிரிக்கிறோம். மாலையில் வருகிற விருந்தினரிடம் பெருமையோடு சொல்லி மறுபடியும் சிரிக்கிறோம். இது வஞ்சகமா, அன்றா என்று அந்தச் சிரிப்பினிடையே எவரும் கேட்பதில்லை. கேட்கத்தக்க கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.

வஞ்சகம் என்று தீர்ப்பிடுமுன் ஒன்றை நோக்க வேண்டும். கட்டளையைப் பொருட்படுத்தாத குழந்தைக்கு இத்தனை சுற்றுவழி தேவையில்லை. அது தாத்தாவை உலுக்கியே எழுப்பிவிடும். சுற்றி வருகிற குழந்தை, இடையில் ஒரு வேலி இருப்பதை ஏற்றுக்கொண்டுவிட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் பியாஜே, ஜெனீவாவிலும் நூஷாத்தேலிலும் சிறுவர் கோலி விளையாடுவதைக் கூர்ந்து கவனித்து, அது பற்றி 1932இல் எழுதினார். சிறு பிள்ளைகள் ஆட்டவிதிகளைப் பெரியோர் வகுத்தவை, மாற்றவொண்ணாதவை, புனிதமானவை என்று கருதினர். ஆடும்போதோ தத்தம் மனம்போல் ஆடினர். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. விதி அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு சொல். அச்சொல் எதைக் காக்க வந்தது என்பது இன்னும் விளங்கவில்லை. முதுமையின் களைப்பை இரண்டரை வயது எங்ஙனம் அறியும்? ‘எழுப்பாதே’ என்ற சொல்லை மட்டுமே நாம் கொடுத்தோம். அதைக் குழந்தை தன்னால் இயன்றவரை காப்பாற்றிவிட்டது!

வளர்ந்தோர் செய்வது என்ன? சுத்தபோசன நாளில் இறைச்சியை விலக்கிவிட்டு, வஞ்சிர மீன் வறுவலும் இறால் தொக்குமாக விருந்துண்ணும் இல்லங்களை நாம் அறிவோம். சட்டம் அவர்கள் பக்கமே. இது சிறிய செய்தி, பெரியவையும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அறநெறி வல்லுநர் சிலர், வாக்கியத்தின் ஒரு பகுதியை மனத்துக்குள் நிறுத்திக்கொண்டு மறுபகுதியை மட்டும் வாயால் உரைத்தால் அது பொய்யாகாது, ஆணையிட்டுச் சொன்னாலும் குற்றமில்லை என்று வாதிட்டனர். பாஸ்கல் 1656–57இல் தம் கடிதங்களில் இவர்களை எள்ளி நகையாடினார். 1679இல் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் அக்கொள்கையைக் கண்டனம் செய்தார். மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் வரும் ‘கொர்பான்’ இன்னும் கொடியது. கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்ற ஒரே சொல்லால், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவி நின்றுபோயிற்று. இயேசு அதைக் கண்டு சிரிக்கவில்லை.

வெளித்தோற்றத்தில் செயல் ஒன்றே. ஆயினும் குழந்தை காரணத்தை அறியாததால் சொல்லைப் பற்றிக்கொள்கிறது. பெரியவரோ காரணத்தை நன்கறிந்து, அதிலிருந்து தப்புவதற்காகவே சொல்லைப் பற்றிக்கொள்கிறார். முதல் நிலையிலிருந்து பிள்ளை இரண்டாம் நிலைக்குச் செல்வதும் செல்லாததும் பெரும்பாலும் வீட்டாரைப் பொறுத்தது. ஏழு வயது நிறைந்தவரையே பகுத்தறிவின் பயன் உடையவராக 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கருதுகிறது. அதற்குள், ஒவ்வொரு சாமர்த்தியத்துக்கும் கைதட்டினால், சொல்லைத் திரிப்பது புகழ் தரும் தொழில் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பொய் என்று அடித்தால், மறைக்கக் கற்றுக்கொள்ளும். காரணத்தை எடுத்துரைப்பதோ நேரத்தை விழுங்கும் வேலை. அடுப்பில் பால் பொங்குகிற வேளையில் எளிதன்று.

நான் அறிந்த ஒரு தாய், “சர்க்கரை டப்பாவில் கை வைக்காதே” என்றார். மூன்று வயது மகன் கை வைக்கவில்லை, கரண்டியை வைத்தான். தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவனை மடியில் இருத்தி, சர்க்கரை பல்லைச் சொத்தையாக்கும், பிறகு வலிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். சிறுவன் நெடுநேரம் சிந்தித்தான்.

“பல்லுல படாம முழுங்கிடுறேன்” என்றான்.

சர்க்கரை கிடைக்கவில்லை. ஆனால் இம்முறை அவன் சுற்றிவர முயன்றது, தாய் சொன்ன காரணத்தை.