மனச்சாட்சியின் விலையை யார் கொடுப்பது?

கொள்கைக்காகத் தம் பொருளை இழப்பவரை நாம் மதிக்கிறோம். வட்டி வேண்டாமென்று கைக்கு வந்த லாபத்தை விட்டவர்களும், மது விற்கமாட்டோமென்று நல்ல முச்சந்திக் கடையைக் கைவிட்டவர்களும் நம் வர்த்தகப் பெருமக்களிடையே உண்டு. ஆனால் ஒருவருடைய கொள்கைக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேர்ந்தால் என்ன சொல்வது? அதுவும், கொடுப்பவர் அன்றாடங் காய்ச்சியான ஓர் ஏழைப் பெண்ணாயிருந்தால்?

நம் அண்டை நாடாகிய பிலிப்பைன்ஸில் நெடுங்காலம் நடந்த ஒரு விவாதம் இக்கேள்வியைத்தான் எழுப்பியது. அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பேர் கத்தோலிக்கர். மாத்திரை முதலிய செயற்கைக் கருத்தடை முறைகள் கூடாதென்பது பாப்பரசர் ஆறாம் பவுல் 1968-ல் விடுத்த திருமடலின் தீர்ப்பு. 2000-ம் ஆண்டில் மணிலா நகர மேயராயிருந்த லீட்டோ அட்டியென்சா அந்த நெறியையொட்டி ஓர் உத்தரவு பிறப்பித்தார். செயற்கை முறைகளை நகரசபை ஆதரிக்காது என்பதே அதன் சாரம். நடைமுறையிலோ, நகரசபையின் இலவச மருத்துவ நிலையங்களிலிருந்து மாத்திரைகளும் உறைகளும் அடியோடு மறைந்துவிட்டன.

இங்கே வியாபாரிகளாகிய நாம் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அதே மணிலாவின் மருந்துக்கடைகளில் அதே சரக்கு தடையின்றி விற்றுக்கொண்டிருந்தது! காசுள்ள சீமாட்டி கடைக்குப் போய் வாங்கினாள்; அவளை எந்த உத்தரவும் தடுக்கவில்லை. குடிசைவாசியான பெண்தான் வெறுங்கையோடு திரும்பினாள். பாவம் என்று கருதியே தடுத்ததானால், பணக்காரர் செய்தாலும் அது பாவந்தானே! 2008-ல் அந்நகரத்து ஏழைகள் 20 பேர் நீதிமன்றப் படியேறினர். பெண்களின் உரிமைகளைக் கவனிக்கும் ஐக்கிய நாடுகள் குழு விசாரணை நடத்தி, கடுமையான உரிமை மீறல் நடந்ததென்று 2015-ல் அறிக்கை வெளியிட்டது.

இதற்கிடையில், ஏழைகளுக்கு இச்சாதனங்களை அரசாங்கமே இலவசமாக வழங்கவேண்டும் என்ற மசோதா பார்லிமெண்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2012 டிசம்பரில் கீழ்ச்சபையில் இரண்டாம் வாசிப்பின்போது 113 பேர் ஆதரித்தனர். 104 பேர் எதிர்த்தனர். அம்மாதம் 21-ம் தேதி ஜனாதிபதி மூன்றாம் பெனிக்னோ அக்கினோ கையொப்பமிட்டார். கருச்சிதைவு அந்நாட்டில் முன்பும் குற்றம்; இச்சட்டத்துக்குப் பின்னும் குற்றமே.

எதிர்த்த மேற்றிராணிமார்களை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. இன்று இலவசமாகக் கொடுக்கும் சர்க்கார் நாளை கட்டாயப்படுத்தாதா என்ற அச்சத்துக்கு ஆதாரமுண்டு. 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் இந்தியாவில் ஏழைகளைப் பிடித்துக் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்த கொடுமையை மறக்க முடியுமா? சிங்கப்பூரில் 1970-களில் இரண்டு குழந்தை போதுமென்று இயக்கம் நடந்தபோது, அடுத்தடுத்த பிரசவங்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அதே அரசாங்கம் 1987-ல், வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்றது! பிலிப்பைன்ஸ் சட்டமோ ஜனத்தொகைக்கு இலக்கு எதுவும் வைப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. இயற்கை முறையா, நவீன முறையா என்பதைத் தம்பதிகளுக்கே விட்டுவிடுகிறது. இது நமக்குத் திருப்தியளிக்கும் செய்தி.

அந்நாட்டில் நம் மார்க்கச் சகோதரர்களும் இருக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று அதிகம். தாயின் நலங்கருதிப் பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடுவது ஆகுமென்று அவர்களுடைய உலமாக்கள் வழங்கிய பத்வா 2004-ல் வெளியாயிற்று. இது புதுமையன்று. இமாம் கஸ்ஸாலி அவர்களும் தம் இஹ்யாவில் கருத்தடைக்கு இடமளித்திருக்கிறார்கள். எனினும், நம் மார்க்கத்தில் ஆகும் என்பதால் அந்தச் சட்டம் நியாயமானது என்று வாதிப்பது சரியாகாது. நம் மார்க்கம் இதைத் தடுத்திருந்தால், கத்தோலிக்கப் பெண்ணின் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கச் சொல்லியிருப்போமா? சிறுபான்மையாக வாழும் நாட்டில், பெரும்பான்மையோரின் மார்க்கத் தீர்ப்பை எங்கள்மீது சட்டமாக்காதீர்கள் என்று மன்றாடுகிறோம். பெரும்பான்மையாக வாழும் நாட்டில் அதே நீதியைப் பிறருக்கு அளக்க நாம் தயாரா? படியை மாற்றி அளப்பது கடையில் மட்டுமா குற்றம்!

மிகவும் சிக்கலானது மருத்துவரின் நிலை. கருத்தடை தன் நம்பிக்கைக்கு விரோதம் என்று கருதும் மருத்துவர், நாடி வந்த பெண்ணை வேறு மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். தவறினால் தண்டனை என்று சட்டம் விதித்திருந்தது. 2014 ஏப்ரலில் சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநாட்டிய உச்சநீதிமன்றம், இந்த விதியைத் தள்ளிவிட்டது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் மட்டும் சாக்குச் சொல்லலாகாது என்றது.

நம்மை அந்த மருத்துவரின் இடத்தில் வைத்துப் பார்ப்போம். மது கேட்டு வருபவரிடம் ‘இங்கே இல்லை’ என்பதோடு நிற்கிறோம். எந்தக் கடையில் கிடைக்குமென்று வழிகாட்டியே தீரவேண்டும் என்றால் நம் மனம் ஒப்புமா? ஒப்பாது. ஆகவே நீதிமன்றத் தீர்ப்பை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் மது கேட்டவருக்கு அடுத்த தெருவில் ஆயிரம் கடை. கிடைக்காவிட்டாலும் அவருக்கு நன்மையே. தீவிலுள்ள கிராமத்துப் பெண்ணுக்கோ ஒரே நிலையம், ஒரே மருத்துவர். அடுத்த பிரசவம் அவள் உயிரையே வாங்கலாம். மறுக்க அவருக்கு உரிமை உண்டென்றால், அவரிருக்கும் ஊரில் மறுக்காத இன்னொருவரை அமர்த்துவது சர்க்காரின் கடமையாகிறது. அதற்குச் சம்பளம் வேண்டும், சரக்கு வேண்டும், படகு வேண்டும்.

சட்டம் நிலைத்த பிறகும், 2016-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கருத்தடைச் சாதனங்கள் வாங்க வைத்திருந்த ஏறத்தாழ நூறு கோடி பெசோவைப் பார்லிமெண்டு வெட்டிவிட்டது. பெயர்ப்பலகை மாட்டியாயிற்று, கொள்முதலுக்குக் கல்லாவில் பணமில்லை.