அகப்பையும் பாயும்: மறையும் உழைப்பின் மதிப்பு

பனி பொழியும் வடநாடுகளில் குளிர்காலம் மக்களை வீட்டினுள் இருத்துகின்றது. அடுப்பில் உணவு வேக, அருகே கம்பளிநூல் பின்னலாகின்றது. மட்டக்களப்பு வாவிக்கரை பனியை அறியாது. எனினும் வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மாரி இங்கும் அதே நிலையைத் தோற்றுவிக்கின்றது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களிலே வாவி பெருகித் தாழ்நிலங்களை மூடும். பெரும்போக வயல் விதைக்கப்பட்டு, அறுவடை இன்னும் தொலைவிலிருக்கும். வெளியே வேலை குறையினும் வீட்டினுள் குறைவதில்லை. மழைக்கு முன்னரே சேமித்த விறகைக் கொண்டு புளியாணமும் கருவாட்டுக் கறியும் ஆக்கும் பெண்ணின் கைகளே, உலர்த்திச் சாயமேற்றிய பன்னை எடுத்துப் பாயும் இழைக்கின்றன.

ஆக்கிய சோறு உண்டவுடன் மறைகின்றது. இழைத்த பாய் சில ஆண்டுகளாவது நிற்கின்றது. அவ்வாறாயின், மறையும் பயனைத் தரும் உழைப்பு, நிலைக்கும் பயனைத் தரும் உழைப்பினும் மதிப்பிற் குறைந்ததா?

ஹன்னா ஆரென்ட் 1958 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மனித நிலைமை’ என்னும் நூலில், உயிர் வாழ்வதற்காக ஓயாது செய்யப்பட்டு நுகர்விலே கரையும் உழைப்பையும், உலகில் நிலைபெறும் பொருள்களைப் படைக்கும் ஆக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். பொருளியலாரின் கணக்கும் ஏறத்தாழ இவ்வழியே செல்கின்றது. 1993 ஆம் ஆண்டின் தேசியக் கணக்கியல் முறை, ஒரு குடும்பம் தன் தேவைக்கெனப் படைக்கும் பொருளை உற்பத்தியாக ஏற்கின்றது. அக்குடும்பத்தார் தமக்கெனச் செய்யும் சமையலை ஏற்பதில்லை. ஆகவே, ஒரே பெண்ணின் ஒரே நாள் உழைப்பில் பாய் கணக்கில் ஏறுகின்றது, சோறு ஏறுவதில்லை.

நிலைபேறே மதிப்பின் அளவுகோல் என்பதை வாவிக்கரை வாழ்வு எளிதில் ஒப்பாது. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளியும், 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலையும், நிலைத்தவை எனக் கருதப்பட்டவற்றைச் சில மணி நேரத்தில் அழித்தன. எஞ்சியோருக்கு உடனே வேண்டியிருந்தவற்றுள் ஒன்று ஒருவேளைச் சோறு. மேலும், உணவு முற்றாக மறைவதுமில்லை. உண்டவரின் உயிராக அது நிற்கின்றது. பாய் இழைக்கும் விரல்களின் வலிமையும் அச்சோற்றின் வலிமையே.

எனினும் இரண்டிற்கும் வேறுபாடே இல்லை என்பது பொருந்தாது. பாய்க்கு முடிவு உண்டு. ஓரம் மடித்தபின் அதனை விரித்துக் காட்டலாம். நிறமும் கோலமும் இழைத்தவளின் திறமையைச் சொல்லும். சமையலுக்கு முடிவில்லை, நாளை மீண்டும் அடுப்பு மூட்ட வேண்டும். பாய் தனக்குத் தானே சாட்சி. சோற்றுக்கு உண்டவனே சாட்சி. எனவே மறையும் உழைப்பிற் குறைவது மதிப்பன்று, சான்றேயாம். அச்சான்றினை அளிக்கும் கடமை உண்டவரைச் சார்கின்றது.

மட்டக்களப்புக்குச் செல்பவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்றொரு வழக்கு உண்டு. பிறர் அதனை மாந்திரிகம் பற்றிய அச்சமாகக் கூறினும், இம்மண்ணினர் விருந்தோம்பலின் சிறப்பாகவே பொருள்கொள்வர். பாயில் இருந்தவனை ஒட்டவைத்தது அங்குப் பரிமாறப்பட்ட உணவன்றோ? ஆயினும் வழக்கிலே பாய் நின்றது, ஆக்கியவள் மறைந்தாள்.

இனி, சான்று அளிப்பது எவ்வாறு? புகழ்ச்சி போதுமென்பர் சிலர். தாய்மை என்றும் அன்பு என்றும் போற்றும் சொற்கள், ஓய்வு கேட்கும் உரிமையை அவளிடமிருந்து பறிக்கவும் வல்லன. இப்பிரதேசத்தின் தாய்வழி மரபிலே வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. கணவன் மனைவியின் இல்லத்திற்கு வருகின்றான். வீட்டின் உரிமை அவளுடையதாயிருந்தும், அடுப்பின் சுமை அதனாற் பகிரப்படவில்லை. உரிமையும் புகழும் இறக்காத சுமையை இறக்குவது உழைப்பின் பங்கீடு ஒன்றே.

சமையலின் அருமையை எழுத்தாலும் மேடைப் பேச்சாலும் நாம் உயர்த்திக் கூறலாம். மாரிக்காலத்து ஈர விறகை ஊதி எரியவைத்தவனுக்கே அக்கூற்றின் பொருள் விளங்கும். உண்டவன் அகப்பையைக் கையிலெடுக்கும் நாளிலேதான் அவனது சான்று முழுமை பெறும்.